பதின்மூன்றாவது கொடி

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தூரத்து ஊரில் வெயிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் என் ரோசலிக்கு, கோனி அன்போடு எழுதிக்கொள்வது.

இங்கே நானும் யூஜினும் நலம். அவருக்கு இரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. பக்கத்து வீட்டுக் கிழநாய் செத்துப்போயிற்று. அதற்குப் பதிலாக இரண்டு குட்டி வாங்கியிருக்கிறார்கள், தெருவே தூங்குவதில்லை. தக்காளி இந்த வருஷம் அள்ளிக் கொட்டுகிறது. சர்ச்சுக்கு ஒரு பை கொண்டுபோனால் இரண்டு பையோடு திரும்பி வருகிறேன், எல்லார் வீட்டிலும் அதே கதை. உன் மகள் டெனிஸும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே? பேரன் மூன்றாம் வகுப்புக்குப் போயிருப்பான். நேற்றுப் பிறந்த மாதிரி இருக்கிறது.

உன் அட்டை புதன்கிழமை வந்தது. முன்பக்கம் கள்ளிச்செடி, பின்பக்கம் நாலு வரி. புல்வெளியைச் சுற்றிக் காட்ட ஆட்களைக் கூட்டிப் போகிறோமே, அந்த நம் நடைக்குச் செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை இருபத்தைந்து வருஷம் நிறைகிறது, நீதான் முன்னால் நடக்க வேண்டும் என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டு உன்னை அழைத்தோம். நீ எழுதியிருக்கிறாய்: “என்னைக் கூப்பிடாதே கோனி. என் தலையை நானே நம்பறதில்ல. அம்மாவுக்கு ஆன மாதிரியே எனக்கும் ஆயிடுச்சு. ஒரு கொடியை எடுக்க மறந்தவளை நம்பி இருபது பேரை அனுப்பாதே.” படித்துவிட்டு அட்டையைக் குளிர்சாதனப் பெட்டி மேல் ஒட்டவில்லை. மேஜை இழுப்பறைக்குள் கவிழ்த்து வைத்தேன்.

அந்தக் கொடியைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், ரோசலி. எட்டு வருஷமாக விழுங்கி வைத்திருப்பது. நேரடியாக எழுதப் பார்த்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அதனால் நேற்றுக் காலை நம் வழியில் தனியாக ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து, நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். பள்ளத்துக்கு வரும்போது சொல்லிவிடுவேன். அவசரப்பட்டுக் கடைசித் தாளைத் திருப்பாதே, உன் குணம் எனக்குத் தெரியும்.

யூஜின் வழக்கம்போல வண்டியை விட்டு இறங்கவில்லை. ஒன்றரை மைல் பாதை. தள்ளுவண்டியில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வருகிறவர்கள்கூட நடக்கிறார்கள். இந்த மனுஷனுக்கு மட்டும் இருபத்தைந்து வருஷமாகக் கால் வலி. ரேடியோவில் முந்தின நாள் பேஸ்பால் ஆட்டத்தை யாரோ அலசிக்கொண்டிருந்தார்கள். தெர்மாஸைத் திறந்துகொண்டே, “நீ போய் உன் புல்லைப் பாத்துட்டு வா, அது எங்கயும் ஓடிப் போகாது, நானும் போக மாட்டேன்” என்றார். இதே பேச்சை நீயும் எத்தனை தடவை கேட்டிருப்பாய்.

அறிவிப்புப் பலகை பக்கத்தில் நின்றபோது உன் குரல்தான் காதில் கேட்டது. “எல்லாரும் காலுறைக்குள்ள பேண்ட்டைச் செருகுங்க! அழகு காட்ட வந்தவங்க அப்படியே டவுனுக்குப் போங்க, உண்ணி கடிக்காம வீடு போய்ச் சேர நினைக்கிறவங்க என் பின்னாடி வாங்க!” வங்கி மேலாளராக இருந்தாலும் சரி, பாதிரியாராக இருந்தாலும் சரி, உன் முன்னால் குனிந்து காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பார்கள். நான் அதே வார்த்தையைச் சொன்னால் சிரிக்கிறார்கள், செருகுவதில்லை.

ஆகஸ்ட் புல் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். ஆளை மறைக்கிற உயரம், முன்னால் போகிறவரின் தொப்பி மட்டும்தான் தெரியும். வடக்கும் தெற்குமாக இலையை விரித்து வைத்திருக்குமே, அந்த மஞ்சள் பூச்செடி, அது இந்த வருஷம் என்னைவிட இரண்டு முழம் கூடுதலாக வளர்ந்திருக்கிறது. சின்ன மஞ்சள் குருவிகள் அதன் தலையில் உட்கார்ந்து விதையைக் கொத்திக்கொண்டிருந்தன. நெடுஞ்சாலை இரைச்சல் முன்பைவிட அதிகம். விமானங்களும் அப்படித்தான், ஓ’ஹேர் பக்கம் இறங்குகிறவை எல்லாம் நம் தலையை உரசிக்கொண்டு போகின்றன. விமானம் வந்தால் நீ பேச்சை நிறுத்தி, திறந்த வாயோடு அப்படியே நிற்பாய். அது போனதும் விட்ட சொல்லிலேயே பிடிப்பாய். ஒரு தடவைகூட “எங்கே விட்டேன்?” என்று நீ கேட்டதில்லை.

மேட்டில் ஏறி நின்றேன். வானம் தெளிவாக இருந்ததால் கிழக்கே சிகாகோவின் கட்டடங்கள் பென்சில் நுனி மாதிரி தெரிந்தன. அந்த முதல் குளிர்காலம் நினைவிருக்கிறதா? இந்த நிலத்துக்குப் பொறுப்பாக வந்த ஹோவர்ட் நம் இருவர் கையிலும் ஆளுக்கொரு வாளி விதையைக் கொடுத்து, பனி மேல் தூவி மிதிக்கச் சொன்னான். அப்போது இது வெறும் சோயா வயல், ஓரத்தில் பழைய டயர்கள். “இதுல புல் முளைக்கும்னு சொல்றானே, இவன் என்ன லூசா?” என்று நீ என் காதில் கேட்டாய். அப்புறம் இருவரும் கையைக் கோத்துக்கொண்டு கல்யாண வீட்டில் ஆடுகிற மாதிரி மிதித்தோம். நீ வழுக்கி விழுந்தாய், உன்னைத் தூக்க வந்து நானும் விழுந்தேன், ஹோவர்ட் மட்டும் சிரிக்காமல், “ரொம்ப நல்லது, உருண்டாலும் விதை பதியும்” என்றான். நாற்பத்தெட்டு வயசில் நான் அவ்வளவு சிரித்தது அன்றைக்குத்தான். ஹோவர்ட் பிப்ரவரியில் போய்ச் சேர்ந்ததை டெனிஸிடம் சொன்னேன், உன்னிடம் சொல்லியிருப்பாள்.

மரப்பாலத்துக்கு வந்தாயிற்று. இதற்கு மேல் சுற்றி வளைக்க வழியில்லை.

பாலத்தைத் தாண்டினால் இடது கைப்பக்கம் அந்த ஈரப் பள்ளம், வலது கைப்பக்கம் பெரிய ஓக் மரம். பள்ளத்தில் என்ன இருந்தது என்று தெரிந்தவர்கள் ஹோவர்ட், நீ, நான், மூன்றே பேர். நாடு முழுக்கத் தேடினாலும் கொஞ்ச இடத்தில்தான் அந்த வெள்ளை ஆர்க்கிட் இருக்கிறது, வெளியே தெரிந்தால் தோண்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஹோவர்ட் நம்மிடம் சத்தியம் வாங்கியிருந்தான். அதனால் பாலத்தை விட்டு இறங்கியதுமே நீ கையைத் தூக்கி, “எல்லாரும் வலது பக்கம் பாருங்க, இந்த ஓக் மரத்தைப் பாருங்க!” என்று கத்துவாய். இருநூறு வருஷத்து மரம், இடி விழுந்து பிழைத்தது, பட்டை நெருப்புக்கு அசராது என்று நீ அளந்து முடிப்பதற்குள் கூட்டம் பள்ளத்தைக் கடந்திருக்கும். வந்தவர்களில் ஒருவர்கூட இடது பக்கம் திரும்பியதில்லை.

ஜூலையில் நாம் இருவரும் முழங்காலிட்டு, பல் குத்தும் குச்சியால் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் வைப்போம். வேலை முடிந்த செடி எது என்று தெரிய நீ பக்கத்தில் கம்பியில் மாட்டிய இளஞ்சிவப்பு அடையாளக் கொடி ஒன்றைக் குத்துவாய். நடைக்கு முன்னால் கொடியெல்லாம் எடுத்துவிட வேண்டும் என்பது ஹோவர்டின் சட்டம். அந்த ஜூலையில் பன்னிரண்டு செடி, பன்னிரண்டு கொடி. வியாழக்கிழமை நீ எல்லாவற்றையும் எடுத்து, கொட்டகை வாளியில் மற்றக் கொடிகளோடு போட்டாய். வெள்ளிக்கிழமை டெனிஸின் பிரசவத்துக்கு மில்வாக்கி போனாய். சனிக்கிழமை நடையை நான் தனியாக நடத்தினேன்.

அன்றைக்கு ஒரு மனுஷன் வந்திருந்தான். அகலத் தொப்பி, விலை உயர்ந்த கேமரா, வாயைத் திறந்தால் செடிகளின் லத்தீன் பெயர். நான் சொன்ன ஒவ்வொன்றையும் திருத்திக்கொண்டே வந்தான். கடைசியில் எல்லாரும் வண்டி ஏறிய பிறகு என்னிடம், “தப்பா நினைக்காதீங்க மேடம், இங்க அபூர்வமா ஒண்ணும் இல்லையே? நல்ல மனசோட களையை வளத்திருக்கீங்க, அவ்வளவுதான்” என்றான்.

களையாம்! எனக்கு ரத்தம் கொதித்தது, ரோசலி. நாம் பதினேழு வருஷம் முள்புதர் வெட்டிக் கையைக் கிழித்துக்கொண்ட இடத்தை ஒருத்தன் களை என்கிறான். “வாங்க என் பின்னாடி” என்றேன். நானே அவனைத் திரும்பப் பாலம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், நானே பள்ளத்தில் இறக்கிக் காட்டினேன். அவன் முகம் மாறியதைப் பார்த்து எனக்கு எவ்வளவு பெருமை! கேமரா முக்காலியை ஊன்ற இடம் தேடினான். பெரிய செடியை மிதித்துவிடப் போகிறானே என்று பயந்து, என் பையில் கிடந்த ஒரு கொடியை எடுத்து அதன் பக்கத்தில் குத்தினேன். திரும்பும்போது அவன் பாராட்டிக்கொண்டே வந்தான், நான் கேட்டுக்கொண்டே வந்தேன். கொடியை எடுக்க மறந்தேன்.

புதன்கிழமை ஹோவர்ட் போய்ப் பார்த்தபோது பன்னிரண்டு குழியும் ஒரு கொடியும்தான் இருந்தன. அந்த மனுஷன்தான் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. கொடியைப் பார்த்து வேறு யாராவது வந்திருக்கலாம். ஆனால் அந்தக் கொடி உன்னுடையது இல்லை. நீ குத்திய பன்னிரண்டையும் நீ எடுத்துவிட்டாய். அது பதின்மூன்றாவது. அது என்னுடையது.

இதைச் சொல்ல எனக்கு எட்டு வருஷம் ஆகியிருக்கிறது.

பள்ளத்தைத் தாண்டிக் காட்டுக்குள் போனால் அந்தப் பெஞ்சு இருக்கிறதல்லவா, நீ மில்வாக்கியிலிருந்து திரும்பியதும் அங்கேதான் ஹோவர்ட் நம் இருவரையும் உட்கார வைத்து, “இது யார் கொடி?” என்று கேட்டான். கோபமாகக்கூட இல்லை, அழுகிற குரலில் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் நீ, “என்னுதுதான். எண்ணித்தான் எடுத்தேன், எப்படி விட்டேன்னு தெரியலையே” என்று அழ ஆரம்பித்தாய். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு நீ இன்னும் அதிகமாக அழுதாய். அதற்கு அடுத்த வாரம், “அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது” என்றாய். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? “இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்டீ” என்று உன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். மூளைக்கு நல்லது என்று ஒரு குறுக்கெழுத்துப் புத்தகம் வேறு வாங்கிக் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

டாக்டர் உனக்கு ஒன்றும் இல்லை என்றார். “அவருக்கு என்ன தெரியும், நான் கொடியை மறந்தது அவருக்குத் தெரியுமா?” என்றாய். அக்டோபரில் வீட்டை விற்றாய். டெனிஸ் குடும்பத்தோடு அரிசோனா போகிறாள், தனியாக இருந்து அடுப்பை அணைக்க மறந்து செத்துப்போவதைவிட அவளோடு போகிறேன் என்றாய். உன் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டி கட்டியது இந்தக் கைதான். அன்று முழுக்க ஒரு வார்த்தை சொன்னேனா? உன்னை இழக்கப் பயந்து சொல்லாமல் இருந்தேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெட்டி கட்டும்போதே இழந்துகொண்டுதான் இருந்தேன், அது அப்போது உறைக்கவில்லை.

நேற்று அந்தப் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். முள்புதரை எல்லாம் வெட்டியதில் வெளிச்சம் உள்ளே வருகிறது. ஓக் கன்றுகள் இடுப்பு உயரம் வந்துவிட்டன, எல்லாம் தானாக முளைத்தவை. பள்ளத்தில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு ஜூலையும் போய்ப் பார்க்கிறேன், புல்தான் இருக்கிறது.

திரும்பி வந்ததும் யூஜின், “என்ன, புல்லு அழ வச்சிடுச்சா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவருக்கு இன்னும் தெரியாது. முதலில் உனக்குத்தான் தெரிய வேண்டும்.

மன்னிப்புக் கேட்கிற தகுதியை நான் அந்த ஜூலையிலேயே தொலைத்துவிட்டேன், அதனால் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று. உனக்கு மறதி இல்லை, ரோசலி. அன்றைக்கும் இல்லை. எண்ணித்தான் எடுத்தேன் என்று நீ சொன்னது சரி. வேறு எதை நம்பாவிட்டாலும் இதை நம்பு. செப்டம்பர் பதின்மூன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு எல்லாரும் கூடுவார்கள். நீ வந்தால் நான் கூட்டத்தில் கடைசி ஆளாக நடக்கிறேன். நான் வரவே கூடாது என்றாலும் சரி.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
இத்தனை நாள் உன் தோழி என்று கையெழுத்துப் போட்ட
கோனி


செப்டம்பர் 28, ஞாயிறு

ரோசலிக்கு,

பதில் வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் அது பொய். தினமும் தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து போனேன். இனிமேல் பொய் வேண்டாம் என்று வைத்திருக்கிறேன்.

இருபத்தைந்தாம் வருஷ நடை நடந்தது. முப்பத்தோரு பேர். நீ இல்லை. எல்லாரும் காலுறையைச் செருகி முடித்ததும், பலகைக்குப் பக்கத்தில் நின்று உனக்கு எழுதியதை எல்லார் முன்னாலும் சொன்னேன். பள்ளம், தொப்பிக்காரன், கொடி, பெஞ்சு, எல்லாம். முழுக்கச் சொன்னேன். பிறகு அந்தப் பழைய நூலகக்காரி நாடின், “ரோசலி பாவம், புத்தி மங்கிப்போச்சுன்னு நான் ஊரெல்லாம் சொன்னேனே, கோனி. நீயும் பக்கத்துல நின்னு தலையை ஆட்டினியே” என்றாள். ஆமாம் என்றேன்.

ஹோவர்டின் இடத்துக்கு வந்திருக்கும் கார்லா நல்ல பெண். கொட்டகைச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். “மன்னிச்சுக்குங்க கோனி, இனிமே நீங்க நடத்தினா சரியா இருக்காது” என்றாள். சரிதான். கொடுத்துவிட்டேன். அன்றைக்குக் கூட்டத்தின் பின்னால் நடந்தேன். பின்னால் நடந்தால் வேறு மாதிரி இருக்கிறது, மற்றவர்கள் முதுகும் புல்லும்தான். பாலத்தை விட்டு இறங்கியதும் கார்லா வலது பக்கம் பார்க்கச் சொன்னாள். நானும் பார்த்தேன்.

யூஜின் வீடு வரும் வரைக்கும் ரேடியோ போடவில்லை. கேட் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, “எட்டு வருஷமா என் பக்கத்துல படுத்துக்கிட்டு எப்படித் தூங்கின?” என்று கேட்டார். தூங்கவில்லை, நீங்கள் குறட்டை விட்டதால் தெரியவில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து என்னோடு அளந்துதான் பேசுகிறார்.

வியாழக்கிழமை டெனிஸ் போன் பண்ணினாள். உன்னிடம் சொல்லாமல்தான் பண்ணினாளாம், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. முதலில் என்னைப் பிடித்துக் கிழித்தாள். “அம்மாவுக்கு ரெண்டு தடவை தலையை ஸ்கேன் எடுத்தேன், ஆன்ட்டி. நாலு வருஷமா அவங்க கார் சாவியைப் பிடுங்கி என் பைக்குள்ள வச்சிருக்கேன். சொந்த அம்மாவை அடுப்புக்கிட்ட விடாம வச்சிருந்தேன். எல்லாம் நீங்க சொல்லாம விட்ட ஒரு வார்த்தையால!” என்று அழுதாள். சாவி விஷயம் எனக்குத் தெரியாது, ரோசலி. போனைக் காதிலிருந்து எடுக்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன்.

அழுது முடித்துவிட்டுச் சொன்னாள். என் கடிதத்தை நீ சமையலறையில் நின்றபடியே படித்தாயாம். மூன்றாம் நாள் காலை டெனிஸ் முன்னால் கையை நீட்டி, “சாவியைக் குடு. எனக்கு மறதி இல்ல” என்றாயாம். இப்போது தினமும் விடிந்ததும் நீயே வண்டியை எடுத்துக்கொண்டு மலையடிவாரம் போய் ஒரு மணி நேரம் நடக்கிறாயாம். ஒரு நாள் டெனிஸும் கூட வந்தாளாம். “வழி முழுக்க உங்களைத் திட்டிக்கிட்டே நடக்கறாங்க, ஆன்ட்டி. ஒரு திட்டு ரெண்டாம் தடவை வரல” என்றாள்.

போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். நீ முன்கூட்டி எழுதி வைத்துக்கொண்டு பேசுகிற ஆள் இல்லை, அத்தனையும் தலைக்குள்ளிருந்துதான் வந்திருக்கும்.

நடக்கும்போது தொப்பி போட்டுக்கொள், தண்ணீர் எடுத்துப் போ, கல் இடுக்கில் கை வைக்காதே, அங்கே பாம்பு இருக்கும். தெய்வம் உன் கூடவே வரட்டும். என்னைத் திட்டிக்கொண்டே இன்னும் இருபது வருஷம் நட. திட்ட வார்த்தை எல்லாம் தீர்ந்துபோனால், தீர்ந்துவிட்டது என்று ஓர் அட்டையில் ஒரு வரி எழுதிப் போடு, என்னிடம் இன்னும் நிறைய இருக்கிறது, அனுப்பித் தருகிறேன்.

உன் கோனி